வெள்ளிக்கிழமை ஒழுகும் வண்டி

"பங்க்ல தூசிம்மா."

இந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும், கூடவே கண்ணும் கலங்கும். சொன்னவர் ஒரு மோட்டார் சைக்கிள் மெக்கானிக். பட்டுக்கோட்டை போகிற சாலையில், எங்கள் ஊர் வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதும் கீற்றுக் கொட்டகை போட்டு வேலை பார்த்தார். பேரைச் சொல்ல மாட்டேன். நாலு பேர் தன்னைப் பற்றிப் பேசினால் காதைச் சொறிந்துகொண்டு எழுந்து போய்விடுகிற மனுஷர் அவர். எனக்கு மெக்கானிக் அண்ணன், அவ்வளவுதான்.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவள். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் தினமும் சாமி கும்பிடும்போது யார் யாருக்கோ வேண்டிக்கொள்கிறேன், அந்த வரிசையில் அவரும் உண்டு. அவர் வேதக்காரர். கொட்டகையில் மாதா படமும், பழைய சைக்கிள் கம்பியில் தொங்கும் ஜெபமாலையும் இருக்கும். நான் வேண்டிக்கொள்வதோ எங்கள் பிள்ளையாரிடம். அதை மேலே இருப்பவர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள்.

அவர் வேலை செய்கிற விதமே தனி. வண்டி வந்ததும் ஸ்பேனரை எடுக்க மாட்டார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு எதிரே குந்துவார். காப்பி ஆறுகிற நேரம் சும்மா பார்ப்பார். மோந்து பார்ப்பார். சட்டைப் பையில் எப்போதும் பழைய செய்தித்தாள் மடித்து வைத்திருப்பார். அதை வண்டிக்கு அடியில் விரித்து, சொட்டு எங்கே விழுகிறது என்று காத்திருப்பார். அவசரப்படுத்தினால், "ஒழுகுறத ஒழுக விட்டுத்தாங்க பாக்கணும்" என்பார்.

கோளாறு என்ன என்று கண்டுபிடித்துவிடுவார். ஆனால் அது யாரால் வந்தது என்று மட்டும் அவர் வாயிலிருந்து வராது. அந்தக் குணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒருநாள் அந்தக் கொட்டகை ஓரம் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். மாதா கோயில் சாமியார் ஒருவர் அங்கி நனைய வேர்த்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ரெண்டு மைல் தள்ளியிருக்கிறார். டாங்கிலிருந்து பெட்ரோல் இறங்குகிற வழியில் ஒரு சின்னத் திருகு இருக்குமே, பெட்ரோல் டேப், அது மூடியே கிடந்தது. எனக்கே தெரிந்தது என்றால் பாருங்கள். அண்ணன் குனிந்தார். ஒரு கை சத்தமில்லாமல் டேப்பைத் திறந்தது. இன்னொரு கை பிளக்கைக் கழற்றி, துணியால் துடைத்து, ஊதி, மறுபடி மாட்டியது. ஒரே உதை. வண்டி கிளம்பிவிட்டது.

"பிளக்குல கொஞ்சம் கரி, சாமி. இந்தப் புழுதியில எந்த வண்டிதான் ஓடும்?"

"நானும் அதான் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு சாமியார் ஏறிப் போனார்.

வெயில், மழை, புழுதி, காற்று, இவை தீர்ந்துபோனால் கடைசியில் பெட்ரோல் பங்க். எல்லாப் பழியும் அந்த வரிசையில்தான் போகும். பங்க்கில் பெட்ரோல் அடிக்கிற ஆள் ஒருநாள் கொட்டகைக்கே வந்து சண்டை போட்டார்.

"யோவ், எவன் வண்டி நின்னாலும் என் பங்க்ல தூசிங்கிறியாமே. நான் என்ன பெட்ரோல் விக்கிறேனா, ஆத்து மணல் விக்கிறேனா?"

"கோவிக்காதய்யா. ஒன் பங்க் எதையும் தாங்கும். மனுசன் தாங்க மாட்டான்" என்று அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாராம்.

இனி என் கதைக்கு வருகிறேன். எங்கள் கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத் என்று கண்ணாடிக் கூண்டு வைத்த புதிது. தெருவுக்கு நாலு பேர் வெளிநாடு போய்க்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரரும் சிங்கப்பூரில் கப்பல் கட்டுகிற இடத்துக்கு வேலைக்குப் போனார். இங்கே அவர் வைத்திருந்தது ஒரு பழைய மோட்டார் சைக்கிள். அவருக்கு முன்னால் ரெண்டு பேர் ஓட்டியது. விமானம் ஏறப் போகிற அன்று, என்னிடம் சொன்னதைவிட அந்த வண்டியிடம்தான் அதிகம் சொல்லிக்கொண்டார்.

"வித்துராத. வெள்ளிக்கிழம வெளக்கேத்துவல்ல, அப்பவே இதையும் ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி வையி. வந்து நான்தான் ஓட்டுவேன்."

எங்கள் தெருவில் இரண்டு வீட்டில், ஆள் போனதுமே வண்டியை விற்றார்கள். அந்த ஆட்கள் லீவுக்குக்கூட வரவில்லை. வண்டியை விற்றதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன? மனசு கேட்கவில்லை. வண்டி வீட்டு நடையில் நிற்கும்வரை ஆள் திரும்பி வருவார் என்று பிடித்துக்கொண்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை தலை முழுகி, விளக்கேற்றி, பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வண்டியிடம் வருவேன். ஹெட்லைட்டில் மூன்று விரலால் திருநீற்றுப் பட்டை, நடுவில் குங்குமம். பிறகு டாங்க் மூடியைத் திறந்து உள்ளே ஒரு சிட்டிகை திருநீறு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் பூசிவிட்டு நாக்கிலும் கொஞ்சம் வைப்போம் அல்லவா, அந்த மாதிரி. அதற்குப் பிறகுதான் டேப்பைத் திறந்து, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு உதைப்பேன்.

எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று கேட்பார், "ஏண்டி, இப்புடியே ஒதச்சு ஒதச்சு சிங்கப்பூருக்கே போயிருவியா?"

"பெட்ரோல் பத்தாதுக்கா" என்பேன்.

சில மாதம் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு வண்டியை ஓட விட்டு நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் வீடெல்லாம் பெட்ரோல் வாடை. வண்டிக்கு அடியில் சிமெண்டுத் தரையில் ஒரு குளம். விளக்கு மாடம் எட்டு அடிகூட இராது. வெள்ளிக்கிழமை விளக்கை ஊதக்கூடாது. ஒரு செம்பருத்திப் பூவை எடுத்துத் திரியை அமர்த்தினேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் கையால் வெள்ளிக்கிழமை விளக்கை அமர்த்தியது அதுவே முதல் தடவை. வாசலுக்கு வந்து உட்கார்ந்து அழுதேன்.

என் வீட்டுக்காரரின் அண்ணன் பக்கத்து வீடு. பெரியத்தான் என்போம். ஓடிவந்து பார்த்தார். "இது வண்டி இல்ல புள்ள, வெடி. பிள்ளைகள வச்சுக்கிட்டு வெளையாடாத" என்று திட்டினார். திட்டினாலும் நல்ல மனுஷர்; அவரே போய் மெக்கானிக் அண்ணனைக் கூட்டிவந்தார்.

அண்ணன் வந்ததும் டேப்பை மூடினார். தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொன்னார். வண்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தி, கார்புரேட்டரைத் துணியால் ஈரம் போகத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளைங்களுக்குப் போடுற பவுடர் இருக்காம்மா?" என்றார்.

"எதுக்கய்யா, வண்டிய பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்றார் பெரியத்தான்.

"மூஞ்சி வேர்த்தா பவுடர் கரையுமுல்ல? எங்க கரையுதோ அங்கதான் ஓட்ட."

பவுடரைக் கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டி, கார்புரேட்டரைச் சுற்றி ஊதினார். வெள்ளையாகப் படிந்தது. அடியில் செய்தித்தாளை விரித்தார். டேப்பைத் திறந்துவிட்டுக் குந்தினார். நாங்களும் பார்த்துக்கொண்டே நின்றோம். பவுடர் எங்கேயும் கரையவில்லை. ஆனால் கீழே தொங்கிய மெல்லிய ரப்பர் குழாயின் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தாளில் விழுந்தது.

"வெளிய ஓட்ட இல்லம்மா. உள்ள நெறஞ்சு வழியுது" என்றார். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கார்புரேட்டருக்குள் ஒரு கிண்ணம். கிண்ணத்தில் ஒரு மிதவை. பெட்ரோல் நிறைந்தால் மிதவை எழும்பி, ஊசி மாதிரி ஒன்றைத் தூக்கி வாசலை அடைக்கும். "மடையில பலக எறக்குறோம். அடியில ஒரு கல்லு மாட்டிக்கிட்டா பலக உக்காருமா? தண்ணி போய்க்கிட்டேதான் இருக்கும். அதான்."

கிண்ணத்தைக் கழற்றினார். மிதவையைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். "உள்ள பெட்ரோல் பூந்திருந்தா சலக்குன்னு கேக்கும். கேக்கல. மிதவ நல்லாருக்கு." பிறகு கிண்ணத்தின் அடியில் விரலை விட்டார். சாம்பல் நிறத்தில் வண்டல் வந்தது. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். ஹெட்லைட்டில் இருந்த பட்டையைப் பார்த்தார். டாங்க் மூடியைப் பார்த்தார். கடைசியாக என் நெற்றியைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னண்ணே அது?"

"பங்க்ல தூசிம்மா."

அந்த வண்டலை வழித்துச் செய்தித்தாளில் மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பெட்ரோல் பட்டதாயிற்றே, தீப்பிடிக்காமல் எடுத்துப் போகிறார் என்றுதான் நினைத்தேன். போகும்போது, "டாங்க் மூடிய சும்மா சும்மா தொறக்காதீங்கம்மா. எதாவது உள்ள வுழுந்துரும்" என்றார்.

"சரிண்ணே."

தூசி விழாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் என்று புரிந்தது. திருநீறு தூசி என்று எனக்குத் தோன்றுமா? வண்டிக்கு உடம்புக்கு வந்துவிட்டதே என்று, அடுத்த வெள்ளியிலிருந்து இரண்டு சிட்டிகையாகப் போட ஆரம்பித்தேன்.

இரண்டு மாதத்தில் மறுபடி ஒழுகியது. மறுபடி வந்தார், கழற்றினார், கழுவினார், பெட்ரோல் வருகிற குழாயில் சின்னதாக ஒரு வடிகட்டி மாட்டினார். மறுபடியும் செய்தித்தாள், மறுபடியும் சட்டைப் பை. "காத்து காலம்மா. பங்க்ல ஒரே தூசி."

வடிகட்டிக்கே அடங்காத பொடியாயிற்றே அது. பெரியத்தானுக்குப் பொறுமை போய்விட்டது. "இந்த ஆளுக்கு வேல தெரியல. ஒழுங்கா பாத்தா மறுபடி ஏன் ஒழுகுது?" என்று ஊரிலும் சொல்லிவிட்டார். நாலு பேர் வண்டியை வேறு கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அண்ணன் அதற்கும் காதைச் சொறிந்துகொண்டதோடு சரி.

"இன்னொரு தடவ ஒழுகுச்சுன்னா வித்துருவேன். தம்பிக்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்று பெரியத்தான் முடிவாகச் சொல்லிவிட்டார். தை மாதம் வீட்டுக்காரருக்கு லீவு. அதுவரை தாங்க வேண்டுமே என்று பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன். அவசரத்துக்கு மூன்று சிட்டிகை.

கார்த்திகை மாதத்தில் மூன்றாவது தடவை ஒழுகியது.

பெரியத்தான் சொன்னபடி செய்துவிட்டார். மறுநாள் காலையிலேயே பேராவூரணியிலிருந்து ஒரு தேங்காய் வியாபாரி வந்துவிட்டார். தோப்புத் தோப்பாகச் சுற்ற ஒரு பழைய வண்டி வேண்டுமாம். ஒழுகலை நிறுத்திக் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். வண்டியைக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நானும் பின்னாலேயே நடந்தேன். சாமியைத் தூக்கிக்கொண்டு போகும்போது பின்னால் போவது போல இருந்தது.

அண்ணன் வேறு ஒரு வண்டியின் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவியதைச் சாலை ஓரத்தில் விசிறி அடித்துவிட்டு எங்கள் வண்டிக்கு வந்தார். கழற்றினார். அதே சாம்பல் வண்டல். ஆனால் இதை விசிறவில்லை. ஒரு டப்பா மூடியில் வழித்துக்கொண்டு எழுந்தார். சாலையைக் கடந்து, வாய்க்கால் கரையில் நின்ற வேப்பமரத்துப் பக்கம் போய், வெறும் மூடியோடு திரும்பி வந்தார். வாய்க்காலில் கொட்டியிருப்பார் என்று நினைத்தேன்.

ஆண்கள் மூன்று பேரும் பேசுகிற இடத்தில் நிற்கப் பிடிக்காமல் நான் அந்த வேப்பமர நிழலுக்குப் போனேன். இரண்டு வேருக்கு நடுவில், யார் காலும் படாத ஒரு பொந்தில், சாம்பலாக ஏதோ கிடந்தது. பழையது காய்ந்து வெளுத்திருந்தது, புதியது ஈரமாக இருந்தது. வேப்பமரத்தடியில் திருநீறு கிடந்தால் என் கை என்ன செய்யும்? யாரோ அம்மனுக்கு வைத்தது என்று நினைத்து, குனிந்து, ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டேன்.

பெட்ரோல் வாடை அடித்தது.

விரலை மறுபடி மோந்து பார்த்தேன். பெட்ரோலும் திருநீறும். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. டாங்க் மூடி, அந்தச் சிட்டிகை, செய்தித்தாள், சட்டைப் பை, என் நெற்றியைப் பார்த்துவிட்டுக் குனிந்த தலை. முதல் நாளே இவருக்குத் தெரிந்திருக்கிறது.

அங்கே கொட்டகையில் பெரியத்தான் குரல் உயர்ந்தது.

"மூணாவது தடவய்யா! சொல்லு, வேல தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. எதுக்கு எங்க வீட்டுப் புள்ளைய ஏமாத்துற?"

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "என் கைதாங்க சரியில்ல. ஊசிய நல்லா உக்கார வைக்கல போலருக்கு."

ஓடினேன்.

"அத்தான், அவரு மேல தப்பில்ல. நான்தான். வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம டாங்குக்குள்ள துண்ணூறு போட்டேன். அதுதான் போய் அடச்சுக்கிட்டு ஒழுகுது."

தேங்காய் வியாபாரிதான் முதலில் வாயைத் திறந்தார். "டாங்குக்குள்ளயா?"

"ஆமாங்க. பிள்ளைக்கு வாயில போடுற மாதிரி."

பெரியத்தான் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர், நிறுத்த முடியாமல் கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டார். "அடி புள்ள! நீ போட்ட போடுல புள்ளையாரே உள்ள எறங்கி உக்காந்துட்டாரு போலருக்கே!"

சிரிக்காதவர் அண்ணன் ஒருவர்தான். முகம் வாடிவிட்டது. "ஏம்மா சொன்னீங்க? நாலு பேருக்கு முன்னால?"

"நீங்க ஏண்ணே சொல்லல? மொத நாளே சொல்லிருந்தா நிறுத்திருப்பேனே. உங்க பேரு கெட்டுருக்காதே."

காதைச் சொறிந்தார். "நான் வேதக்காரன்மா. வீட்டுக்காரரு தூரத்துல இருக்காரேன்னு நீங்க போடுறது. அந்தத் துண்ணூற வேணாம்னு நான் என் வாயால சொல்றதா? கார்புரேட்டர கழுவுறது எனக்கு ஒரு வேலையா? பத்து தடவ வந்தாலும் கழுவிட்டுப் போறேன்."

அவர் செய்தது சரி என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லாததால் என் விளக்கு மூன்று தடவை அமர்ந்தது. எங்கேனும் ஒரு பொறி பட்டிருந்தால் என் பிள்ளைகள் என்ன ஆகியிருக்கும்? அதை அவரிடமே கேட்டேன். அவர் அதை யோசித்ததே இல்லை போலிருக்கிறது. என் முகத்தையே பார்த்தார். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

"தப்புதாம்மா" என்றார். தன் தப்பைச் சொல்ல மட்டும் அவருக்குத் தயக்கமே இருந்ததில்லை.

தேங்காய் வியாபாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எனக்கு இந்த வண்டி வேணாம்ப்பா. அந்தப் புள்ள இம்புட்டு வேண்டிக்கிட்டு வச்சிருக்கு. வீட்டுக்காரரு வந்து ஓட்டட்டும்" என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடிக்கப் போனார். பெரியத்தானும் விற்கிற பேச்சை விட்டுவிட்டார். ஒழுகலுக்குக் காரணம் தெரிந்த பிறகு விற்க என்ன இருக்கிறது?

அண்ணன் டாங்கைக் கழற்றிக் கவிழ்த்து மூன்று தடவை அலசினார். அலசிய ஒவ்வொரு தடவையும் சாலையைக் கடந்து வேப்பமரத்துக்கு நடந்தார். பெரியத்தான் சும்மா நிற்க முடியாமல் இரண்டாவது தடவை தானே வாங்கிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்தார். அதுதான் அவர் மன்னிப்புக் கேட்ட விதம்.

அதற்குப் பிறகு வண்டி ஒரு சொட்டு ஒழுகவில்லை. பட்டை ஹெட்லைட்டோடு நின்றுவிட்டது.

தை பிறந்து என் வீட்டுக்காரர் வந்தார். பெட்டியைக்கூடத் திறக்காமல் வண்டியைத்தான் உதைத்தார். முதல் உதையிலேயே பிடித்தது. மறுநாள் என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். அண்ணனுக்கு என்று சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்ததில் ஒரு பவுடர் டப்பாவும் இருந்தது. நான் கடிதத்தில் எழுதிக் கேட்டது. அண்ணன் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "இனிமே நம்ம ஊரு வண்டிக்கெல்லாம் ஃபாரின் பவுடர்தான்" என்றார்.

என் வீட்டுக்காரர் வண்டியில் சாய்ந்துகொண்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்டார். "ஆமா, நான் இல்லாதப்ப மூணு தடவ ஒழுகுச்சாமே. என்னண்ணே காரணம்?"

பெரியத்தான் அவரிடம் முதல் நாளே சொல்லிச் சிரித்தாயிற்று. அது எனக்குத் தெரியும். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். கைத் துணியை உதறினார்.

"பங்க்ல தூசிங்க."

"அப்புடியா? எந்தப் பங்க்?"

"எல்லா பங்க்கும்தான். அந்த வருசம் காத்து ஜாஸ்தி."

என் வீட்டுக்காரர் முகத்தைச் சுளிக்காமல் தலையாட்டினார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"நீ எதுக்குச் சிரிக்கிற?" என்றார்.

"ஒண்ணுமில்ல. வண்டிய எடுங்க, போவோம். வெள்ளிக்கிழம, வெளக்கேத்தணும்."